இரண்டுக்கும் கை தூக்கியவள்

மேல் வீட்டுப் பெண்ணைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு தீர்மானம் ஏற்படவில்லை. பழகிய மற்றவர்கள் எல்லோரைப் பற்றியும் ஏதோ ஒன்று இருக்கிறது. இவர் சொன்ன சொல் மாறாதவர், இவர் சோம்பேறி, இவருக்கு இரவல் கொடுத்த பாத்திரம் திரும்பி வராது என்று ஆளுக்கு ஒரு வரி. அது தவறாக இருக்கலாம், ஆனால் இருக்கிறது. அவளைப் பற்றி மட்டும் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அதற்கு எதிரான வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் நாங்கள் இரண்டாவது மாடி, அவர்கள் மூன்றாவது மாடி. அவள் அப்பாவும் என்னைப் போலவே மத்திய அரசு உத்தியோகம், வேறு அமைச்சகம். அப்பா, அம்மா இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் தில்லியில் பிறந்தவள். தமிழ் முழுவதும் புரியும், முக்கால்வாசி பேசுவாள், படிக்க வராது.

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அப்போது அவள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. லைஃப் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். கூடவே மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதி இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறைதான் கடைசி என்று அப்பா சொல்லியிருந்தார்.

காலையில் நாங்கள் ஒரே மெட்ரோவில் போவோம். ராஜீவ் சௌக்கில் அவள் வடக்கே போகும் வண்டிக்கும் நான் தெற்கே போகும் வண்டிக்கும் பிரிவோம். ஒரு நாள் பெண்கள் பெட்டியில் அவளுக்கு இடம் கிடைத்தது. யமுனா பேங்க் வந்ததும் எழுந்து, இடது பக்கம் நின்ற வயதான சர்தாரிணியிடம் உட்காரும்படி தலையை அசைத்தாள். அதே நேரம் வலது பக்கம் கைக்குழந்தையுடன் நின்ற பெண்ணிடமும் தலையை அசைத்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உட்காரப் போனார்கள். இடித்துக்கொண்டு நிமிர்ந்து, "எனக்குத்தான் கொடுத்தாள்" என்று இருவரும் ஹிந்தியில் சண்டை பிடித்தார்கள். பிறகு இருவரும் அவளையே கேட்டார்கள். அவள் ஒருத்தியைப் பார்த்து, "ஹாங் ஜி, உங்களுக்குத்தான்" என்றாள். மற்றவளைப் பார்த்து, "ஹாங் ஜி, உங்களுக்குத்தான்" என்றாள். இரண்டு தடவையும் முகத்தில் ஒரே மாதிரி ஒளி. அடுத்த நிலையம் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: "அதுதான் சஹி ஆண்ட்டி." சரி என்பதற்கு ஹிந்தியில் சொல்லும் இந்த 'சஹி'யை முகஸ்துதி என்று நான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஒரு முறை சோதித்தும் பார்த்தேன். கத்தரிக்காய் எனக்கு ஆகவே ஆகாது என்று சொன்னேன். அவளுக்கும் ஆகாதாம். பத்து நாள் விட்டு, கத்தரிக்காய்க்கு மிஞ்சிய காய் உண்டா என்றேன். இல்லவே இல்லையாம்.

"அன்னிக்கு ஆகாதுன்னு சொன்னியே?"

அவள் கொஞ்சம்கூட அசடு வழியவில்லை. "அன்னிக்கும் நிஜம்தான் ஆண்ட்டி" என்றாள்.

நான் அந்தப் பதிலை வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "இந்தப் பொண்ணு டாக்டரானா நல்லா ஓடும். வயித்து வலின்னா வயித்து வலி, இல்லைன்னா இல்லை. நோயாளி மனசு கோணாது" என்றார் அவர். அவளை அவர் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு அவள், அவள் அம்மா, நான் மூவரும் குர்த்தா வாங்கப் போனதையும் சொல்ல வேண்டும். அம்மா அரக்குக் கலரைக் காட்டினாள். "அதுதான் சஹி மா." நான் பச்சையைக் காட்டினேன். "ஆண்ட்டி சொல்றதுதான் சஹி." நானும் அவள் அம்மாவும் விட்டுக்கொடுக்காமல் நின்றோம். நடுவில் கடைக்காரர் மஞ்சளில் ஒன்றை உதறி அவள் தோளில் போட்டு, "யே லோ பேட்டி" என்றார். அவள் மஞ்சளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஏட்டி, எங்க ரெண்டு பேர்ட்டயும் சரி சரின்னுட்டு இதை ஏன் எடுத்த?" என்றாள் அம்மா.

"கடைக்கார பையா சொன்னாரே மா."

என்னைக் குழப்பியது இதுவல்ல. மஞ்சள்தான் அவளுக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. அரக்கும் பச்சையும் அவள் நிறத்துக்கு எடுத்திருக்காது. அது கடைக்காரரின் கண்ணா, அவளுடைய கண்ணா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது விருப்பப் பாடத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருடத்தில் உயிரியலில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று. முதலாவது இம்யூனாலஜி, அதாவது உடம்பு நோயை எதிர்ப்பது எப்படி என்ற படிப்பு. இரண்டாவது எகனாமிக் பாட்டனி. பருத்தி, தேயிலை, மிளகு, ரப்பர் என்று மனிதனுக்குப் பயன்படும் செடிகொடிகள். டாக்டராக வேண்டியவள் எதை எடுப்பாள் என்பதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

குழப்பம் நேர அட்டவணையில் இருந்தது. இம்யூனாலஜிக்குச் செய்முறை வகுப்பு பிற்பகலில். அவள் நுழைவுத் தேர்வுக்குப் படித்த லக்ஷ்மி நகர் கோச்சிங்கும் பிற்பகலில். பாட்டனி காலையிலேயே முடிந்துவிடும். ஆக, மருத்துவத்துக்கு உதவும் பாடத்தை எடுத்தால் மருத்துவத் தேர்வுக்குப் படிக்க முடியாது. தேயிலையைப் படித்தால்தான் டாக்டராகலாம். இதை நான் அவள் அப்பாவுக்கு லிஃப்டில் ஒரு முறை, கீழே காய்கறி வண்டியின் பக்கத்தில் ஒரு முறை விளக்கினேன்.

"டாக்டராவப் போற புள்ள தேயிலையைப் படிச்சு என்ன செய்யப் போவுது மேடம்? நோயாளிக்கு டீ போட்டுக் குடுக்கவா?" என்றார் அவர். அவருக்கு இம்யூனாலஜிதான்.

அம்மாவின் கணக்கு வேறு. "கோச்சிங் போனாத்தானக்கா பரீட்சை? பரீட்சை எழுதினாத்தான டாக்டரு? இவுகளுக்கு மண்டையில ஏறமாட்டேங்கு" என்றாள். அவளுக்கு பாட்டனிதான்.

இதில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். அவளுடன் படித்த பிஹார் பெண். ராஜீவ் சௌக்கில் எங்களுக்காகக் காத்திருப்பாள். மேற்படிப்புக்குத் தாவரவியல்தான் போவேன் என்று இருந்தவள். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம்: ஒரு விருப்பப் பாடத்துக்குப் போதுமான ஆள் சேராவிட்டால் அந்த வருடம் அதை நடத்த மாட்டார்கள். எல்லோரும் இம்யூனாலஜி பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததால் இவள் வீடு வீடாக வாக்குக் கேட்பவளைப் போல ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் பெண்ணின் கையையும் பிடித்தாள். "நீயும் இல்லையென்றால் பாடமே இல்லை" என்று அவள் ஹிந்தியில் சொன்னதை நான் கேட்டேன். நம் பெண் சொன்ன பதிலையும் கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அந்த வாரம் முழுவதும் நான் அவளிடம் ஒன்றை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பாவை விடு, அம்மாவை விடு. உனக்கு எது வேணும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க ஆண்ட்டி?"

"நான் நினைக்கிறது எதுக்கு?"

"உங்களுக்குத்தான் எல்லாத்தையும் க்ளியரா நினைக்க வரும்."

பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளில் ஆசிரியை வகுப்பிலேயே கை தூக்கச் சொல்லியிருக்கிறார். இம்யூனாலஜிக்கு எத்தனை கை என்று எண்ணினார். பாட்டனிக்கு எத்தனை என்று எண்ணினார். கூட்டினால் வகுப்பில் இருந்தவர்களைவிட ஒரு கை அதிகம். மறுபடி எண்ணியும் ஒன்று அதிகம். மூன்றாம் தடவை எண்ணாமல் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் இரண்டுக்கும் கை தூக்கியவள் யார் என்று தெரிந்தது. "ஒன்றுதான் எடுக்க முடியும், எது?" என்று ஆசிரியை கேட்டார். இவள் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "மேம், உங்களுக்கு எது கன்வீனியன்ட்?" என்றாள். வகுப்பு சிரித்ததில் ஆசிரியைக்குக் கோபம் வந்து, முடிவு செய்த பிறகு உள்ளே வா என்று வெளியே அனுப்பிவிட்டார்.

வெளியே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள். அலுவலகத்தில் கோப்பு ஒன்றில் மூழ்கியிருந்தேன்.

"ஆண்ட்டி, மேம் என்னை பாஹர் நிக்க வெச்சுட்டாங்க. ஜல்தி ஒண்ணு சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். உனக்கு எதுன்னு நீ சொல்லு."

வராந்தாவில் யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது. "எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இணைப்பு போய்விட்டது.

அன்று இரவு மாடிப்படியில் அவள் அப்பாவைப் பார்த்தேன். "இம்யூனாலஜி க்ளாஸுக்குப் போவப் போறா மேடம்" என்றார் பெருமையாக. மறுநாள் பால் பூத்தில் அம்மாவைப் பார்த்தேன். "பாட்டனிதான்க்கா எடுத்திருக்கா. நல்லவேளை" என்றாள். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லையா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இருவருமே தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். மற்றவரிடம் அதைச் சொல்லிக் காட்டிச் சண்டையைக் கிளப்ப வேண்டாம் என்று இருவரும் பெருந்தன்மையாக இருந்துவிட்டார்கள்.

அவளை நான் கேட்டேன். "ரெண்டும் சஹிதான் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு, ரயில் கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

குளிர் குறைய ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும், மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா முன்னால், அம்மா பின்னால், அவள் அந்த மஞ்சள் குர்த்தாவில் கடைசியாக. கோச்சிங்கிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்திருக்கிறது. மாதிரித் தேர்வுகள் தொடங்கப்போகின்றன, உங்கள் பெண் தீபாவளியிலிருந்தே வரவில்லையே, பெயர் இருக்கட்டுமா எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு அதிக நாள் இல்லை. மூன்றாவது முறை, கடைசி முறை.

"மேடம், நீங்கதான் இவ கூட தெனம் போறிய. இவ எங்கதான் போறா?" என்றார் அப்பா.

"காலேஜுக்குத்தான்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நான் அப்பமே சொன்னேன்லா, இவுக இம்யூனாலஜி இம்யூனாலஜின்னு உசுர வாங்கினதுல..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அவ இம்யூனாலஜிதாம்ளா எடுத்திருக்கா!"

"பாட்டனி!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று வகுப்புக்குள் போனதும் பிஹார் பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் பாட்டனிக்குக் கை தூக்கியிருக்கிறாள். அதுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் அப்பாவிடம் இம்யூனாலஜி என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே பிற்பகலில் அந்த வகுப்புக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆசிரியையும், ஆர்வமாக இருக்கிறாளே என்று வரச் சொல்லிவிட்டார். பரீட்சையும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. கோச்சிங் நேரம் அதில் போய்விட்டது.

"ஏட்டி, கோச்சிங் போனியான்னு தெனம் கேட்டேனே!" என்றாள் அம்மா.

"லேட்டாயிடுச்சான்னுதான் மா கேப்பீங்க. ஆயிடுச்சுன்னு சொன்னேன்."

யோசித்துப் பார்த்தால் அது உண்மை. அப்பாவிடம் சொன்னதும் உண்மை, அம்மாவிடம் சொன்னதும் உண்மை. அவள் யாரிடமும் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

"சரிம்மா, அந்த க்ளாஸ்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று என் கணவர் கேட்டார். நிலைமையை ஆற்றத்தான் கேட்டார்.

அதற்கு அவள் முகம் மாறியது. நாற்காலி நுனிக்கு வந்தாள். "அங்க்கிள், நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ச்சோட்டா ஒரு உறுப்பு இருக்கு. சில செல்லுங்களுக்கு அது ஸ்கூல் மாதிரி. அங்க டெஸ்ட் வைப்பாங்க. தன்னோட உடம்பு எது, வெளியேர்ந்து வந்தது எதுன்னு தெரிஞ்சிருக்கணும். தன்னோட உடம்பையே அடிச்சா ஃபெயில். ஃபெயிலானா அங்கேயே காலி. ரொம்பக் கொஞ்சம்தான் பாஸாகி வெளியே வரும்."

"அப்ப அது ஸ்கூல் இல்லை, கோச்சிங் சென்டர்" என்றார் என் கணவர்.

அம்மா சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மா, இந்தப் பருத்தி இருக்கு இல்ல" என்று அவள் அந்தத் தலைப்பைப் பிடித்தாள். "பருத்திக் கொட்டையிலேர்ந்து வர ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். இவ்ளோ நீளமா ஒரே செல்! நீங்க கட்டியிருக்கிறது முழுக்க செல்லுங்கதான் மா."

அம்மா தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். அவள் எதைப் பற்றியும் அப்படி நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளுக்கு வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது போல எனக்கு ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம், என் கணவர் ஆசையாகக் கேட்டதால்தான் இவ்வளவு ஆசையாகச் சொன்னாளோ என்றும் இருந்தது.

அப்பா மட்டும் இளகவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இந்தத் தடவை பரீட்சை எழுதப் போறியா, இல்லையா? ஒண்ணு சொல்லு. ஒண்ணுதான் சொல்லணும்" என்றார்.

அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கணவரை, பிறகு என்னை. நான் என் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி வைத்துக்கொண்டேன். அவள் எழுந்து, எங்கள் பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்த சோபாவிலிருந்து அவளுடைய முதுகு மட்டும்தான் தெரியும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எதிர் பிளாக்கும் தெரிந்தது. எங்கள் இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே கையை நீட்டி உப்பு வாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான் இடைவெளி. அங்கே ஒரு பஞ்சாபி அம்மாள் குளிர்காலம் முடியப்போவதால் கனத்த ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்திவிட்டு நம் பெண்ணிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு முறை தலை அசைந்தது. கதவு மூடியிருந்ததால் ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உட்காரவில்லை.

"எழுதலைப்பா" என்றாள்.

அப்பா கோபப்படவில்லை. அதைவிட ஆச்சரியம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது. "இது ஓம் பேச்சு இல்ல. யார் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்லைப்பா."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் கூடப் போகிறவள் நான்தானே? இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. எதிர் பால்கனியை நான் காட்டியிருந்தால் என் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிடமே போயிருக்கும். ஆனால் அதோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடையது என்று ஒரு பேச்சு வந்திருந்தால், அதுவும் போயிருக்கும். அப்படி ஒன்று வந்ததா, இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாததனால் வாயைத் திறக்கவில்லை.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் அவள் நுழைவுத் தேர்வு எழுதவில்லை. அப்பா எங்களோடு லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் உள்ளே இருந்தால் போன் வந்ததுபோல் வெளியே நின்றுவிடுவார். அடுத்த கோடையில் அவருக்கு சரோஜினி நகரில் அரசாங்க வீடு கிடைத்து மாறிப் போனார்கள். ஒரு முறை அங்கே மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்தேன். பெண் தெற்கே எங்கோ ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அப்பா ஒரு கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவளிடம் கேட்டாலும் சந்தோஷம் என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கிறவர் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது அது.

எதிர் பால்கனி அம்மாளை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அதே வாரத்தில், துணி காயப்போடும்போது பிடித்தேன். அன்று எங்கள் பால்கனியில் நின்ற பெண் உங்களிடம் என்ன கேட்டாள் என்று விசாரித்தேன்.

"அவள் எங்கே கேட்டாள்? பாவம், வாயே திறக்கவில்லை. நான்தான் பேசினேன்" என்றார் அவர் ஹிந்தியில். "அன்றைக்குக் காலையில் எனக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை. வேலையை விட்டுவிடப் போகிறாளாம், மனசு அதில் இல்லையாம். விடட்டுமே, மனசு இல்லாத இடத்தில் எத்தனை நாள் போய் உட்கார்ந்திருப்பாள் என்று உன் பெண்ணிடம் சொன்னேன். 'அதுதான் சஹி ஆண்ட்டி' என்றாள். தங்கமான பெண்."

"மருமகள் விட்டுவிட்டாளா?" என்று கேட்டேன்.

"சீச்சீ, எங்கே விட விட்டேன்?" என்றார் அவர், ஒரு துணியை உதறிக்கொண்டே. "மறுநாளே எனக்கு மனசு மாறிவிட்டது. அவள் வேலையை விட்டால் நாள் முழுக்க அவளோடு வீட்டில் நான்தானே இருக்க வேண்டும்?"